கிரவுண்டு பூட்டிக் கிடக்கும் நாட்களில் ஹாக்கி ரசிகன் என்ன செய்யலாம்

இது 2021 செப்டம்பரில் எழுதுவது. கொரோனாவின் மூன்றாவது அலை வரும் என்று சிலர் சொல்கிறார்கள், வராது என்று சிலர் சொல்கிறார்கள். எப்படியானாலும் இந்த ஒன்றரை வருடத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதி வைத்தால் யாருக்காவது உதவும் என்று தோன்றியது. நான் கோவில்பட்டிக்காரன். வெளியூரில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் கடலைமிட்டாய் என்பார்கள், தீப்பெட்டி என்பார்கள். எங்களுக்குள் கேட்டால் ஹாக்கி என்போம். சாயங்காலம் ஐந்து மணிக்கு இங்கே ஏதாவது ஒரு பள்ளிக்கூட மைதானத்தைக் கடந்து போனால் மட்டையில் பந்து படுகிற அந்த ‘டக்’ சத்தம் காதில் விழும். 2020 மார்ச் 25-லிருந்து அது நின்றுபோனது. அந்த அமைதிக்குப் பழகவே எனக்குப் பல வாரங்கள் ஆயின. இது ரசிகனுக்கான குறிப்பு. பயிற்சியாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிலைமை ரொம்ப மோசமாக இருக்கும் வாரங்களில் ஹாக்கியை விட்டுவிடுங்கள். 2021 மே மாதம் எங்கள் தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காத ராத்திரி கிடையாது. அப்போது பக்கத்து வீட்டு அண்ணாச்சி, “ஊரே இந்தப் பாடு படுது, ஒலிம்பிக் என்ன வேண்டிக் கிடக்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கும் அப்போது பதில் இல்லை. மூன்று வாரம் எந்த ஆட்டத்தையும் பார்க்கவில்லை, செய்தியும் படிக்கவில்லை. படுக்கை கேட்டு அலைந்தோம், மருந்து வாங்கிக் கொடுத்தோம், சோறு கட்டிக்கொண்டு போனோம். விளையாட்டின் நினைப்பு அது பாட்டுக்குத் திரும்பி வரும். வரும்வரை அதற்காகக் குற்றவுணர்வும் வேண்டாம், கட்டாயமும் வேண்டாம்.

பழைய ஆட்டத்தைப் பார்க்கும் விதம்

நேரடி ஆட்டம் இல்லாத நாட்களில் எல்லோரும் செய்வது பழைய கோல்களின் தொகுப்பைப் பார்ப்பது. ஐந்து நிமிடத்தில் இருபது கோல் பார்த்தால் மனதில் ஒன்றும் நிற்காது. அதற்குப் பதிலாக ஒரு முழு ஆட்டத்தை எடுங்கள், நான்கு குவார்ட்டரை நான்கு நாளாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு குவார்ட்டர் பதினைந்து நிமிடம்தான், ஒரு காபி நேரம். நான் முதலில் எடுத்தது 2020 ஜனவரியில் புவனேஸ்வர் கலிங்கா மைதானத்தில் நெதர்லாந்தை இந்தியா 5-2 என்று ஜெயித்த புரோ லீக் (நாடுகளுக்கு இடையிலான லீக்) ஆட்டம். அந்த சீசனில் பிப்ரவரியில் பெல்ஜியத்தையும் 2-1 என்று ஜெயித்தார்கள், மறுநாள் 2-3 என்று தோற்றார்கள். ஆஸ்திரேலியாவிடம் ஒன்று தோற்று ஒன்றை ஷூட்-அவுட்டில் எடுத்தார்கள். அணி சூடு பிடித்து வந்த நேரத்தில்தான் மார்ச்சில் லீக்கையே நிறுத்தினார்கள். மார்ச் 24-ஆம் தேதி டோக்கியோ ஒலிம்பிக்கும் ஒரு வருடம் தள்ளிப்போனது. அன்று ராத்திரி எட்டு மணிக்குத்தான் நாடு முழுக்க ஊரடங்கு என்ற அறிவிப்பும் வந்தது.

சரி, பார்க்கும் விதத்துக்கு வருகிறேன். முதல் தடவை பந்தைப் பாருங்கள், அது எப்படியும் நடக்கும். இரண்டாம் தடவை டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒரே ஒரு ஆளைப் பாருங்கள், அதுவும் பந்து அவரிடம் இல்லாத நேரத்தில். நான் அப்போதைய இந்திய கேப்டன் மன்பிரீத் சிங்கைப் பார்த்தேன். பந்து இடது ஓரத்தில் இருக்கும்போது அவர் நடுவில் நின்றுகொண்டு இரண்டு தடவை தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பார், யார் எங்கே நிற்கிறார்கள் என்று முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வார், அதனால்தான் பந்து வந்ததும் யோசிக்காமல் தள்ள முடிகிறது. இருபது வருடமாக ஹாக்கி பார்க்கிறேன், இதை நான் கவனித்தது ஊரடங்கில்தான். கிரவுண்டில் நாமும் கூட்டத்தோடு கூட்டமாகப் பந்துக்குப் பின்னாலேயே கண்ணை ஓட்டுவோம், இது தெரியாது.

அப்புறம் ஷார்ட் கார்னர். பெனால்டி கார்னர் என்பதுதான் சரியான பெயர், எங்கள் ஊரில் இன்னும் ஷார்ட் கார்னர்தான். வீட்டில் ஹாக்கி தெரியாதவர்களுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை, ஏனென்றால் எல்லோரும் நிற்பார்கள், அப்புறம் இரண்டு மூன்று நொடியில் எல்லாம் முடிந்துவிடும். கோல் லைனுக்குப் பின்னால் கோலியோடு சேர்த்து ஐந்து பேர். மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். எதிரணியில் ஒருவர் பின்கோட்டில், கோல் போஸ்ட்டிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நின்று பந்தை வெளியே தள்ளுவார். வட்டத்துக்கு (கோலுக்கு முன்னால் போட்டிருக்கும் அரைவட்டக் கோடு) வெளியே ஒருவர் அதை நிறுத்துவார், இன்னொருவர் இழுத்து வீசுவார். பந்து வட்டத்தைவிட்டு வெளியே போகாமல் கோல் அடிக்க முடியாது. முதல் அடி ஹிட் என்றால் கோலின் அடியில் இருக்கும் பலகை உயரத்துக்கு மேல், அதாவது 46 சென்டிமீட்டருக்கு மேல், கோலுக்குள் போனால் செல்லாது. இழுத்து வீசுகிற ட்ராக் ஃபிளிக் என்றால் எந்த உயரத்திலும் போகலாம், அதனால்தான் எல்லா அணியும் ஃபிளிக்கரைத் தேடுகிறது.

வீட்டில் நாங்கள் ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டோம். பந்தைத் தள்ளியவுடன் வீடியோவை நிறுத்த வேண்டும், எந்த மூலைக்குப் போகும் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், அப்புறம் ஓட விட வேண்டும். முதல் வாரம் என் மகள் சொன்னது ஒன்றும் பலிக்கவில்லை. மூன்றாவது வாரம் அவள் ஃபிளிக்கரின் இடது காலைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். நான் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

மொட்டைமாடியில் மட்டை

பார்ப்பது மட்டும் போதாது. நீங்கள் எந்தக் காலத்தில் விளையாடியிருந்தாலும் மட்டையைக் கையில் எடுங்கள், விளையாடியதே இல்லை என்றாலும் எடுங்கள். ஆனால் சிமென்ட் தரையில் அசல் ஹாக்கிப் பந்து வேண்டாம். அது 156 முதல் 163 கிராம் வரை இருக்கும் கெட்டிப் பந்து. தரையில் எகிறி தண்ணீர்த் தொட்டியையோ கீழ்வீட்டு ஜன்னலையோ உடைக்கும், முட்டியில் பட்டால் ஒரு வாரம் நொண்ட வேண்டும், அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிற நிலைமையும் இல்லை. ரோமம் தேய்ந்த பழைய டென்னிஸ் பந்து போதும்.

கார்பன், கண்ணாடி நார் கலந்து செய்கிற காம்போசிட் மட்டையையும் சிமென்டில் எடுக்காதீர்கள். தலைப் பகுதி உரசி உரசி நார் கிளம்பிவிடும், அது விரலில் ஏறினால் முள் மாதிரி. வீட்டில் பழைய மர மட்டை கிடந்தால் அதை எடுத்து, கீழ்ப்பக்கம் இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். என் மட்டை 1998-ல் வாங்கியது, பரணில் கிடந்தது. பிடி துணி இற்றுப்போய் கையோடு உதிர்ந்து வந்தது. புது கிரிப் வாங்கக் கடை இல்லாததால் பழைய சைக்கிள் டியூபை நீளமாக, விரல் அகலத்துக்கு வெட்டி, மேலிருந்து கீழாக இழுத்துச் சுற்றினேன். கை வியர்த்தாலும் வழுக்கவில்லை. இன்றுவரை அதுதான் இருக்கிறது.

கோனுக்குப் பதிலாகக் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வையுங்கள். எட்டு வேண்டும், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே ஒரு முழம். அதன் நடுவே பந்தை வளைத்து வளைத்துக் கொண்டு போக வேண்டும். ஹாக்கியில் மட்டையின் தட்டையான பக்கத்தை மட்டும்தான் பயன்படுத்த முடியும், ஆகவே பந்தை வலப்பக்கம் இழுக்க மட்டையைத் திருப்பியாக வேண்டும். திருப்புவது மேலே இருக்கிற இடது கை. வலது கை குழாய் மாதிரி, மட்டை அதற்குள் சுழல வேண்டும். புதிதாகப் பிடிக்கிறவர்கள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பார்கள், அப்படிப் பிடித்தால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கும். வலது கையைத் தளர்த்துங்கள் என்று நூறு தடவை சொல்வதற்குப் பதில், இடது கையால் மட்டும் மட்டையைப் பிடித்துத் திருப்பச் சொல்லுங்கள், இரண்டு நாளில் தானாக வந்துவிடும். குனிந்து நிற்க வேண்டும், முட்டியை மடக்கிக் குனிய வேண்டும். இடுப்பை மட்டும் வளைத்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாது.

தரையில் ஒரு வாளித் தண்ணீர் தெளித்துவிட்டு ஆடினால் பந்து சரியான வேகத்தில் ஓடும், டர்ஃப் என்கிற செயற்கைப் புல்தரையிலும் ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் பாய்ச்சுவது இதற்காகத்தான். கால் வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் வெயிலுக்குக் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். சுவரில் அடிப்பதாக இருந்தால் கீழ்வீட்டில் முன்பே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் கீழ்வீட்டில் ஒரு பாட்டி மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை தூங்குவார், அந்த நேரத்தில் பந்தைத் தொடுவதில்லை என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். சுவரில் 46 சென்டிமீட்டர் உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே பத்தில் எத்தனை படுகிறது என்று எண்ணுங்கள், தேதி போட்டுச் சுவரிலேயே எழுதுங்கள். நாள் நகராத அந்த மாதங்களில் சுவரில் இருந்த அந்த எண்கள்தான் எனக்குக் காலண்டர்.

உடம்பு விஷயம்

விளையாடுகிறவனுக்கு ஒன்றும் ஆகாது என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். 2020 ஆகஸ்டில் பெங்களூரு முகாமுக்குத் திரும்பிய இந்திய ஆட்டக்காரர்களில் கேப்டன் மன்பிரீத் உட்பட ஆறு பேருக்குத் தொற்று வந்தது. அதில் மன்தீப் சிங்குக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறைந்து ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். நாட்டிலேயே நல்ல உடம்புத் தகுதியுள்ள இருபத்தைந்து வயதுக்காரர் அவர். எல்லோரும் குணமாகி வந்தார்கள், சந்தோஷம். 2021 ஏப்ரலில் பெண்கள் அணியில் கேப்டன் ராணி ராம்பால் உட்பட ஏழு பேருக்கு வந்தது. அவர்களும் மீண்டார்கள், பெரும்பாலானவர்கள் மூன்று மாதத்தில் டோக்கியோவில் ஆடினார்கள்.

எனக்கு மே மாதம் வந்தது. காய்ச்சல் நான்கு நாளில் விட்டது. விட்டதே என்று ஒன்பதாவது நாள் மாடிக்கு மட்டையோடு ஏறினேன், பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு இழுக்க இழுக்கப் போதவில்லை. அப்போது டாக்டர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: குணமானதும் முதலில் வீட்டுக்குள் நடை, அதில் மூச்சு வாங்காவிட்டால் படி, படியில் வாங்காவிட்டால் வேகநடை, ஓட்டம் எல்லாவற்றுக்கும் கடைசியில். நெஞ்சில் வலியோ படபடப்போ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு அவரிடம் போக வேண்டும். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினால் வீட்டில் இருக்கக் கூடாது. நான் மட்டையைத் திரும்பத் தொட ஐந்து வாரம் ஆனது. உங்களுக்கு எத்தனை வாரம் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். தடுப்பூசி இரண்டும் போட்டுக்கொள்ளுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ஆட்டத்தின் ஆட்களை விசாரியுங்கள்

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஹாக்கியைச் சுற்றி எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். கிரவுண்டுக்குத் தண்ணீர் தெளிப்பவர், கோடு போடுபவர், டோர்னமென்ட்டுக்கு டோர்னமென்ட் போய் விசில் ஊதுகிற அம்பயர், தனியார் பள்ளியில் தொகுப்பூதியத்தில் இருக்கும் பயிற்சியாளர், கிரவுண்டு வாசலில் சுண்டல் விற்கிற அக்கா. ஊரடங்கில் இவர்கள் யாருக்கும் வேலை இல்லை. விளையாட்டு விடுதியில் இருந்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விடுதியில் கிடைத்த முட்டையும் பாலும் வீட்டில் கிடைப்பதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் மூடிக் கிடந்தால் அம்மாவுக்கும் கூலி கிடையாது.

நாங்கள் ஒன்பது பேர், பழைய பள்ளி அணிக்காரர்கள், இப்படிச் செய்தோம். ஆளுக்கு ஐந்து பேர் என்று பிரித்துக்கொண்டோம், ஞாயிற்றுக்கிழமைதோறும் போன். “ஏதாவது வேணுமா?” என்று கேட்கக் கூடாது, யாரும் வேணும் என்று சொல்ல மாட்டார்கள். “இன்னைக்கு என்ன சமைச்சீங்க அண்ணாச்சி?” என்று கேட்க வேண்டும். வெறும் கஞ்சி என்று மூன்று தடவை பதில் வந்தால் புரிந்துகொள்ள வேண்டும். பையில் அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய், அதோடு அந்த வீட்டில் ஆடுகிற பிள்ளை இருந்தால் முப்பது முட்டை, ஒரு கிலோ கடலை. திண்ணையில் வைத்துவிட்டு நகர்ந்து நின்று கூப்பிட்டோம். போட்டோ எடுக்கவில்லை. நீங்களும் எடுக்காதீர்கள், அந்தப் பையன் நாளை நம் கண் முன்னால் தலைநிமிர்ந்து ஆட வேண்டும். ஆட்டக்காரர்களே இதை நமக்கு முன்னால் செய்தார்கள். பெங்களூருவில் அடைந்து கிடந்த இந்தியப் பெண்கள் அணி 2020-ல் பதினெட்டு நாள் உடற்பயிற்சிச் சவால் நடத்தி 20 லட்சம் ரூபாய்க்கு மேல் திரட்டிக் கொடுத்தது.

அந்தப் போன் பேச்சில் இன்னொன்றும் செய்யுங்கள். வயதான ஆட்டக்காரர்களின் கதையைப் பதிவு செய்யுங்கள். 2020 மே 25-ல் பல்பீர் சிங் சீனியர் போனார், 96 வயது, மூன்று ஒலிம்பிக் தங்கம், 1952 இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராக அடித்த ஆறு கோலில் ஐந்து அவருடையது. அது மூப்பு. ஆனால் 2021 மே 8-ஐ என்னால் மறக்க முடியாது. 1980 மாஸ்கோவில் நம் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்ற அணியில் ஆடிய எம்.கே. கௌஷிக், ரவீந்தர் பால் சிங் இரண்டு பேரும் ஒரே நாளில் கொரோனாவில் இறந்தார்கள், ஒருவர் டெல்லியில், ஒருவர் லக்னோவில். ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்த அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றி அவர்களோடு போன நினைவு எவ்வளவு இருந்திருக்கும்.

அதே மாதம் எங்கள் பி.டி. சாரும் போய்விட்டார். இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று கட்டுப்பாடு. அவரிடம் ஆடியவர்கள் எத்தனை நூறு பேர் இருப்பார்கள்! தெருமுனையில் தள்ளித் தள்ளி நின்று வண்டி போவதைப் பார்த்தோம், அவ்வளவுதான். முப்பது வருடம் எந்தெந்த ஊருக்கு அணியைக் கூட்டிப்போனார், யார் யாருக்குத் தன் காசில் ஷூ வாங்கிக் கொடுத்தார், ஒன்றும் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. அடுத்த வாரம் பேசலாம், அடுத்த வாரம் பேசலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

அதனால் எதிர்வீட்டுத் தாத்தாவிடம் தள்ளிப்போடவில்லை. மில் அணிக்கு ஆடியவர், எழுபத்தெட்டு வயது. முதல் நாள் “அந்தக் காலத்துல ஆட்டம் எப்படி இருந்துச்சு தாத்தா?” என்று கேட்டேன், “நல்லா இருந்துச்சுப்பா” என்று முடித்துவிட்டார். மறுநாள் “பந்து பட்டு எங்கெல்லாம் தழும்பு இருக்கு?” என்று கேட்டேன். வேட்டியை முட்டிவரை ஏற்றி ஒவ்வொரு தழும்பாகக் காட்டிக் காட்டி ஒரு மணி நேரம் பேசினார், எந்த ஊர், எந்த அணி, கரிசல் மண் வெடிப்பில் பந்து எகிறி எப்படிக் கன்னத்தில் பட்டது, ராத்திரி யார் வீட்டில் சாப்பாடு போட்டார்கள் என்பதுவரை. ஆகவே பொதுவாகக் கேட்காதீர்கள். தழும்பு, ஷூ, பஸ் பயணம், சாப்பாடு என்று கேளுங்கள். போனில் பதிவு செய்து அன்றைக்கே தேதியும் பெயரும் போட்டு இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

தள்ளியிருந்து சேர்ந்து பார்ப்பது

டோக்கியோவில் ஆட்கள் இல்லாத அரங்கில் ஆடினார்கள். வீட்டில் நாமும் தனித்தனியாகப் பார்த்தோம். சேர்ந்து பார்ப்பதற்கு ஒரு சின்ன ஏற்பாடு தேவை: எல்லோரும் டிவியில் பாருங்கள், அல்லது எல்லோரும் போனில் பாருங்கள். போனில் வருகிற படம் டிவியைவிடச் சில நொடி பின்தங்கும். நம் படத்தில் பந்து நடுக்கோட்டில் இருக்கும்போது பக்கத்துத் தெருவிலிருந்து கத்தல் வந்தால் ஆட்டமே போச்சு. வாட்ஸ்ஆப் குழுவில் குவார்ட்டர் இடைவேளையில் மட்டும்தான் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2021 ஆகஸ்ட் 5, வியாழக்கிழமை, காலை ஏழு மணி, ஜெர்மனியோடு வெண்கலத்துக்கான ஆட்டம். நான் எங்கள் வாசல் திண்ணையில், டிவியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். தாத்தா அவர் வீட்டுத் திண்ணையில், நடுவில் தெரு. இரண்டு வீட்டிலும் ஒரே சேனல். 25-வது நிமிடத்தில் 1-3. தாத்தா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஹர்திக் சிங், ஹர்மன்பிரீத் என்று இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு கோல் விழுந்ததும் நான் கத்தினேன், அவர் வெளியே வந்தார். 34-வது நிமிடத்தில் 5-3. அப்புறம் ஜெர்மனி ஒன்று திருப்பியது. கடைசி ஆறு நொடி இருக்கும்போது அவர்களுக்கு ஷார்ட் கார்னர். தாத்தா எழுந்து திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டார். பந்து வெளியே தள்ளப்பட்டது, ஃபிளிக் வந்தது, நம் கோலி ஸ்ரீஜேஷ் தடுத்தார். ஹாக்கியில் ஒலிம்பிக் பதக்கம் வந்து நாற்பத்தோரு வருடம். தெருவைத் தாண்டி ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. போகவில்லை, அவருக்கு இரண்டாவது ஊசி போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. தெருவின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாகக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டோம்.

தோல்வியைப் பார்க்கவும் ஒரு முறை இருக்கிறது. ஆண்கள் அணி ஆஸ்திரேலியாவிடம் 1-7 என்று தோற்ற அன்று எங்கள் குழுவிலேயே கண்டபடி எழுதினார்கள். பதினொரு நாள் கழித்து அதே ஆட்கள் ஸ்ரீஜேஷ் படத்தை முகப்பில் வைத்தார்கள். பெண்கள் அணி முதல் மூன்று ஆட்டமும் தோற்று, அயர்லாந்தையும் தென்னாப்பிரிக்காவையும் ஜெயித்து, காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0 என்று வெளியே அனுப்பியது. தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தவர் வந்தனா கட்டாரியா. ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். மே மாதம் அவருடைய அப்பா இறந்தபோது முகாமில் இருந்த அவரால் ஊருக்குப் போய் முகம் பார்க்க முடியவில்லை. அப்படிப்பட்டவரின் ஹரித்வார் வீட்டு வாசலில், அர்ஜென்டினாவிடம் அரையிறுதியில் தோற்ற அன்று பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லி ஏசினார்கள் என்று குடும்பம் புகார் கொடுத்தது, போலீஸ் கைதும் செய்தது. படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் குழுவில் யாராவது ஆட்டக்காரரின் சாதியையோ, மதத்தையோ, பெண் என்பதையோ இழுத்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், பெயர் சொல்லி நிறுத்துங்கள். நண்பன், உறவு, வயதில் பெரியவர் என்று பார்க்காதீர்கள். அந்த ட்ராப் (பந்தை நிறுத்தியது) சரியில்லை, மார்க்கிங் விட்டுப்போச்சு என்று எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். ஆட்டத்தைத் திட்டுங்கள், ஆளை விடுங்கள்.

கிரவுண்டு திறக்கும்போது

செப்டம்பர் 1 முதல் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே பள்ளி திறந்துவிட்டார்கள், மைதானமும் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் பெறுகிறது. ஹாக்கியில் தொற்றுக்கு வசதியான சில இடங்கள் உண்டு, அதை மட்டும் கவனியுங்கள். ஷார்ட் கார்னருக்கு முன்னால் டிஃபெண்டர்கள் முகத்தில் மாட்டுகிற மாஸ்க் சின்ன அணிகளில் நாலைந்துதான் இருக்கும், ஆள் மாறி ஆள் மாட்டுவார்கள், எல்லோர் வாயும் மூக்கும் அதில்தான். இருக்கிறதில் பெயர் எழுதி ஆளுக்கு ஒன்று கொடுங்கள், போதவில்லை என்றால் ஊர்க்காரர்கள் சேர்ந்து இன்னும் நாலு வாங்கிக் கொடுங்கள், ரசிகர் செய்யக்கூடிய நல்ல செலவு அது. கோலியின் ஹெல்மெட்டும் கையுறையும் அப்படித்தான், ஒரே செட்டை மூன்று பையன்கள் பயன்படுத்துவார்கள். உள்ளே சோப்புத் தண்ணீரில் துடைத்து நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும், எங்கள் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் பாட்டில் ஆளுக்கு ஒன்று. ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்க வேண்டாம், மட்டையோடு மட்டை தட்டினால் போதும்.

பிள்ளைகள் பதினெட்டு மாதம் வளர்ந்துவிட்டார்கள் என்பதையும் மறக்காதீர்கள். பதினான்கு வயதுப் பையன் ஆறு அங்குலம் கூடியிருப்பான், பழைய மட்டை இடுப்புக்கு வராது. குட்டை மட்டையில் ரொம்பக் குனிந்து ஆடினால் முதுகு போகும். ஷூவும் பற்றாது. போன வாரம் கிரவுண்டுக்குப் போனபோது ஒருவன் பெருவிரல் வெளியே தெரிய, முன்பக்கத்தை வெட்டிவிட்ட ஷூவில் ஓடிக்கொண்டிருந்தான். அளவு கேட்டேன், “தெரியல சார், முன்னாடி ஆறு” என்றான். மண்ணில் கால் வைக்கச் சொல்லி, குச்சியால் கோடு போட்டு அளந்து கொண்டுவந்தேன். எட்டு வேண்டும். சனிக்கிழமை மதுரைக்குப் போகிறேன், இன்னும் யாருக்காவது வாங்க வேண்டியிருந்தால் வெள்ளிக்குள் அளவு எடுத்து அனுப்புங்கள்.